நடக்காமற்போன வன்முறைக்கும் கணக்கு வேண்டும்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 23:12–35; எஸ்தர் 2:21–23; எரேமியா 40:13 முதல் 41:3 வரை



இந்த வாரம் நாம் வாசிக்கும் முதற்பகுதியில் பெயர் சொல்லப்படாத ஒரு வாலிபன் வருகிறான். அவன் பவுலின் சகோதரி மகன். அவனைப் பற்றி வேதம் நமக்குச் சொல்லும் செய்தி இவ்வளவுதான். எருசலேமில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒன்றுகூடி, பவுலைக் கொல்லும்வரை உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை என்று சபதம் செய்கிறார்கள். அந்தச் சதி எப்படியோ அவன் காதில் விழுகிறது. அவன் கோட்டைக்குள் சென்று பவுலிடம் சொல்கிறான். பவுல் நூற்றுக்கு அதிபதி ஒருவனை அழைத்து, அந்த வாலிபனைச் சேனாபதியிடம் கொண்டுபோகச் சொல்கிறார்.

அடுத்து நடப்பதை நிதானித்து வாசியுங்கள். ரோமச் சேனாபதியாகிய கிலவுதியு லீசியா அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு தனியே ஓரமாய் அழைத்துப்போய் விசாரிக்கிறான். சின்னப் பையன் சொல்லுகிறதை நம்பலாமா என்று தள்ளிவிடவில்லை. கேட்டு முடித்தபின், இதை என்னிடம் சொன்னதாக ஒருவரிடமும் சொல்லாதே என்று எச்சரித்து அனுப்புகிறான். சொன்னவனுடைய உயிருக்கு அது காவல். அன்றிரவே காலாட்கள் 200, குதிரைவீரர் 70, ஈட்டிக்காரர் 200 பேர் காவலோடு பவுல் செசரியாவுக்கு அனுப்பப்படுகிறார். கூடவே, நடந்ததையும் நடக்கவிருந்ததையும் எழுதி, தேசாதிபதி பேலிக்ஸுக்கு ஒரு நிருபம் போகிறது.

அந்த நிருபத்தில் லீசியா தன்னைச் சற்று உயர்த்தியே எழுதியிருக்கிறான். பவுல் ரோமன் என்று அறிந்து காப்பாற்றியதாக எழுதுகிறான். அவரைச் சங்கிலியால் கட்டி, சவுக்கால் அடிக்கக் கட்டளையிட்ட பிறகுதான் அவர் ரோமன் என்று அவனுக்குத் தெரிந்தது என்பதை முந்தின அதிகாரங்களை வாசித்தவர்கள் அறிவார்கள். அறிக்கை எழுதும் அதிகாரிகள் தங்கள் பிழையை மறைத்து எழுதுவது அன்றும் இருந்திருக்கிறது. ஆயினும் அவன் எழுதினான். நடந்தேறாமற்போன ஒரு கொலையைப் பற்றித் தனக்கு மேலிருந்த அதிகாரிக்கு எழுதினான். தடுத்தாயிற்றே, இனி எதற்கு வெளியே சொல்லி நம் பெயரைக் கெடுத்துக்கொள்வது என்று அவன் நினைக்கவில்லை.

பிரியமானவர்களே, நம்முடைய பள்ளிக்கூடங்களில் இன்று நினைக்கப்படுவது அதுவே.

2023 ஆகஸ்டு 9 அன்று இரவு நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த தலித் மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்க ஓடிவந்த அவனுடைய தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் அறியாத முகங்கள் அல்லர். அவனோடு படித்த மாணவர்கள். அதற்கு முன்பே அவன் சக மாணவரின் தொல்லை தாங்காமல் சில நாட்கள் பள்ளிக்கு வராமல் இருந்தான். காரணம் கேட்கப்பட்டபோது சொன்னான். புகார் ஆசிரியர் கைக்குப் போனது. அதன்பின் இரவில் அரிவாள் வந்தது.

அது எந்தப் பள்ளி, அங்கே யார் என்ன செய்யத் தவறினார்கள் என்று நியாயந்தீர்ப்பது என் வேலை அல்ல. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு பிள்ளை வாய்திறந்து தன் ஆபத்தைச் சொன்ன நேரத்துக்கும், அரிவாள் அவன் வாசலுக்கு வந்த நேரத்துக்கும் இடையில், பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அந்தச் செய்தியைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நம் சட்டம் யாரையாவது தெளிவாகக் கட்டாயப்படுத்தியதா?

நாங்குநேரி முதலாவதும் அல்ல, கடைசியும் அல்ல. 2022 ஏப்ரலில் திருநெல்வேலி மாவட்டத்தில் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றிய தகராறில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தாக்கப்பட்டு இறந்தான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு மாணவனின் விரல்கள் வெட்டப்பட்டன. அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை புத்தகப் பையில் அரிவாளை வைத்துக்கொண்டு வகுப்பறைக்கு வந்து சக மாணவனை வெட்டினான். குறுக்கே போன ஆசிரியையும் காயப்பட்டார். இவை செய்தித்தாளுக்கு வந்தவை. இரத்தம் சிந்தியதால் வந்தவை.

இரத்தம் சிந்தாதவை எத்தனை? பையைச் சோதித்தபோது கத்தி கிடைத்து, தலைமையாசிரியர் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிய நாட்கள் எத்தனை? பள்ளிவிட்டதும் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்ற மிரட்டலைக் கேட்டு, உடற்கல்வி ஆசிரியர் தன் இருசக்கர வாகனத்தில் ஒரு பிள்ளையை ஏற்றி வீட்டில் விட்டுவந்த மாலைகள் எத்தனை? அவை எந்த ஏட்டிலும் இல்லை. காவல்துறையின் குற்றக் கணக்கு, நடந்து பதிவான குற்றங்களின் கணக்கு. தடுக்கப்பட்டதற்கு நம்மிடம் கணக்கில்லை. கணக்கில் இல்லாத ஆபத்தை நம் அரசும் காண்பதில்லை, திருச்சபையும் காண்பதில்லை, பக்கத்து ஊர்ப் பள்ளியும் காண்பதில்லை.

ஆகவே ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறேன். ஒவ்வொரு பள்ளியும், அரசுப் பள்ளியானாலும் நம் திருச்சபைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளியானாலும் கட்டணப் பள்ளியானாலும், மாணவர் மீதோ ஆசிரியர் மீதோ விடுக்கப்பட்ட உயிர் மிரட்டலையும், தடுத்து நிறுத்தப்பட்ட வன்முறையையும் எழுத்தில் பதிந்து, வெளி அதிகாரிக்கு அறிவிக்கும்படி சட்டம் கட்டளையிட வேண்டும். அறிவிப்பது தலைமையாசிரியரின் விருப்பத்துக்கோ நிர்வாகத்தின் கௌரவத்துக்கோ விடப்படக் கூடாது.

ஏன் கட்டளை வேண்டும்? இன்றைய நிலையில், உண்மையைச் சொல்லும் தலைமையாசிரியர் நஷ்டப்படுகிறார். மறைப்பவர் ஆதாயம் பெறுகிறார். மிரட்டலை மேலிடத்துக்கு எழுதுகிறவருக்கு விசாரணை வரும், செய்தியாளர் வருவர், பெற்றோர் வாசலில் கூடுவர், நிர்வாகம் முகம் சுளிக்கும், இடமாற்றமும் வரலாம். எழுதாமல் விடுகிறவருடைய பள்ளி அமைதியான பள்ளி என்று பெயர் எடுக்கும். ஆண்டுவிழா மேடையில் அவருக்குப் பொன்னாடையும் கிடைக்கும். நல்ல மனிதரையும் மறைக்கத் தூண்டும் ஏற்பாடு இது. தனி மனிதரின் நல்லெண்ணத்தை நம்பி இதைச் சரிசெய்ய முடியாது. எழுதுவது எல்லாருக்கும் கடமை என்றாகிவிட்டால், எழுதியவர் மட்டும் காட்டிக்கொடுத்தவராகத் தோன்றமாட்டார். கட்டாயம் சில வேளைகளில் நேர்மையானவனுக்குக் கேடகம்.

இதைத் தூரத்தில் நின்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பள்ளிக்குத் தாளாளராக இருந்தேன். பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில் தலைமையாசிரியர் ஒரு மாலையில் போதகர் இல்லத்துக்கு வந்தார். ஒரு மாணவனைக் கடைசித் தேர்வு முடிந்த அன்று முடித்துவிடுவதாக வேறு சிலர் மிரட்டியிருந்தார்கள். அந்தப் பிள்ளை எளிய குடும்பத்துப் பிள்ளை. மிரட்டியவர்கள் ஊரில் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள். சாதியின் பெயரை நாங்கள் இருவரும் அன்று வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? இரு தரப்புப் பெற்றோரையும் வரவழைத்தேன். ஜெபித்தேன். பிள்ளைகளைக் கைகுலுக்கச் செய்தேன். காவல் நிலையம், கல்வி அலுவலகம் என்று போனால் பள்ளியின் பெயர் கெடும், பிள்ளைகளின் எதிர்காலம் பாழாகும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். சில நாட்களில் மிரட்டப்பட்ட பிள்ளையின் தகப்பனாரே வந்து, மகனை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லி மாற்றுச் சான்றிதழ் கேட்டார். கொடுத்தோம். பிரச்சினை தீர்ந்தது என்று நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து ஒரு திருமண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சோறு பரிமாறிய இளைஞன், “ஐயா, நல்லா இருக்கீங்களா?” என்றான். அந்தப் பிள்ளைதான். தேர்வை எழுதாமலே படிப்பு நின்றுவிட்டதாம். அவன் என்மேல் வருத்தம் எதையும் காட்டவில்லை. இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனான். அன்று நான் உண்ட உணவு தொண்டையைக் கடக்கவில்லை. வன்முறை நடக்காமல் தடுத்தேன் என்று நான் எண்ணியிருந்தேன். அரிவாள் விழவில்லை என்பது மட்டுமே உண்மை. மிரட்டியவர்கள் எண்ணியது நிறைவேறியது; அதை நிறைவேற்றிக் கொடுத்தவர்கள் நாங்கள். அந்தப் பள்ளியின் எந்த ஏட்டைப் புரட்டினாலும், தகப்பனார் விருப்பப்படி மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பட்டது என்ற ஒரு வரியைத் தவிர வேறொன்றும் இராது.

இப்போது எஸ்தரின் புத்தகத்துக்கு வாருங்கள். அரண்மனை வாசலில் உட்கார்ந்திருந்த மொர்தெகாய்க்கு, வாசல் காக்கும் பிரதானிகள் இருவர் அகாஸ்வேரு ராஜாவைக் கொல்லத் திட்டமிடுவது தெரியவருகிறது. அவன் எஸ்தருக்கு அறிவிக்கிறான். எஸ்தர் மொர்தெகாயின் பெயரால் ராஜாவுக்கு அறிவிக்கிறாள். காரியம் விசாரிக்கப்படுகிறது, மெய் என்று தெரிகிறது. பிறகு அது ராஜாவின் நாளாகமப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. ராஜா சாகவில்லை, சொட்டு இரத்தம்கூட அவனிடமிருந்து சிந்தவில்லை. ஆயினும் எழுதி வைத்தார்கள். பின்னர் ராஜாவுக்குத் தூக்கம் வராத ஓர் இரவில் அந்த ஏடு வாசிக்கப்பட்டது. அழிவுக்குக் குறிக்கப்பட்டிருந்த ஒரு முழு ஜனத்தின் மீட்பு, எப்போதோ தடுக்கப்பட்ட ஒரு வன்முறையைப் பற்றிய அந்தச் சில வரிகளிலிருந்து திருப்பம் கண்டது. யாரோ ஒரு சம்பிரதி சோம்பலால் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுதி வைப்பதன் பயனை இக்காலத்திலும் காணலாம். அமெரிக்காவின் பள்ளித் துப்பாக்கிச் சூடுகளை நாம் செய்தியாகவே அறிவோம். ஆனால் அந்நாட்டு இரகசியச் சேவையின் ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, நடவாமல் தடுக்கப்பட்ட 67 சதிகளை எடுத்து ஆராய்ந்தது. பெரும்பாலும் சதி செய்தவன் தன் எண்ணத்தை எவரிடமாவது வெளிப்படுத்தியிருந்தான்; அதை முதலில் அறிந்து சொல்லக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அநேகமாக உடன்படித்த மாணவர்களே. பவுலின் சகோதரி மகனைப் போன்ற பிள்ளைகள். அந்த 67 நிகழ்வுகளும் பதிவில் இருந்தபடியால்தான் அவற்றிலிருந்து பாடம் கற்க முடிந்தது. நம்முடைய நாட்டில் அத்தகைய ஆய்வு ஒன்றைச் செய்ய யாராவது முன்வந்தால், எந்த ஏட்டைத் திறப்பார்?

அதே அமெரிக்காவில் மறுபக்கமும் உண்டு. 2021 நவம்பர் 30 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் கணக்குப் பாடத் தாளில் துப்பாக்கியையும் குருதி சிந்தும் உருவத்தையும் வரைந்திருந்ததை ஆசிரியர் காலையிலேயே கண்டார். பெற்றோர் வரவழைக்கப்பட்டார்கள், அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. பையை எவரும் சோதிக்கவில்லை. அவன் வகுப்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டான். பையில் துப்பாக்கி இருந்தது. சிறிது நேரத்தில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். காவலருக்குச் சொல்லும் அளவுக்கு இது பெரிதா என்ற தயக்கமே அங்கே வாசலைத் திறந்துவிட்டது. அறையைப் பூட்டிக்கொண்டு நாலுபேர் பேசித் தீர்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை அறைக்குள் இருப்பவர்களே முடிவு செய்யக் கூடாது என்பதுதான் என் வாதம்.

மூன்றாவது பகுதி கெதலியாவைப் பற்றியது. எருசலேம் அழிந்தபின் மீதியாயிருந்த ஜனத்துக்கு அவன் அதிபதி. யோகனானும் மற்றச் சேனைத்தலைவரும் மிஸ்பாவுக்கு வந்து, இஸ்மவேல் உன்னைக் கொல்ல அனுப்பப்பட்டிருக்கிறான் என்று சொல்கிறார்கள். கெதலியா நம்பவில்லை. பிறகு யோகனான் இரகசியமாய் வந்து, நான் போய் இஸ்மவேலை யாருக்கும் தெரியாமல் கொன்றுவிடுகிறேன் என்கிறான். அதைக் கெதலியா தடுக்கிறான். இஸ்மவேலைக் குறித்து நீ சொல்வது பொய் என்கிறான். ஏழாம் மாதத்தில் இஸ்மவேல் பத்துப்பேரோடு வந்து, அவனோடு பந்தியிருந்து, எழுந்து, அவனை வெட்டிக் கொன்றான். மீந்திருந்த ஜனமும் பயந்து எகிப்துக்கு ஓடிச் சிதறியது.

விசாரணையின்றி ஒருவனைக் கொல்ல அனுமதி மறுத்தவரையில் கெதலியா செய்தது நீதி. ஆனால் கொன்றுவிடுவதற்கும் கண்ணை மூடிக்கொள்வதற்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. விசாரிக்கலாம். காவல் வைக்கலாம். இஸ்மவேல் வரும்போது ஆயுதத்தை வாசலில் வைக்கச் சொல்லலாம். அவனோ நல்லெண்ணத்தை ஞானம் என்று நினைத்தான். நம் பள்ளி நிர்வாகிகள் பலர் கெதலியாக்கள். அந்தப் பையன் அப்படிப்பட்டவன் அல்ல, அவன் தாத்தா நம் சபை மூப்பர், ஞாயிறுபள்ளியில் வளர்ந்த பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே எச்சரிக்கையைப் புதைக்கிறோம்.

இனி, உங்களில் சிலர் மனதில் எழும் ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

“பிள்ளையின் எதிர்காலம் பாழாகுமே” என்பது முதலாவது. இதைச் சொல்பவர்களின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தப் பிள்ளையின் எதிர்காலம் என்று கேளுங்கள். நாம் எப்போதும் மிரட்டினவனின் எதிர்காலத்தையே நினைக்கிறோம். மிரட்டப்பட்டவனின் எதிர்காலம் மாற்றுச் சான்றிதழோடு வாசலைக் கடந்துபோகிறது. அறிவிப்பது என்றால் சிறைக்கு அனுப்புவது என்றும் பொருளில்லை. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பொதுவாகப் பிள்ளைகளைப் பெரியவர்களைப்போல் நடத்துவதில்லை. சிறாரின் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. ஆலோசனைக்கும் சீர்திருத்தத்துக்கும் இடம் தருகிறது. ஆரம்பத்திலேயே அறிவிக்கப்பட்ட மிரட்டல் ஆலோசகரின் அறையில் முடியக்கூடும். மறைக்கப்பட்ட மிரட்டல் கொலை வழக்கில் முடியும்போது, மறைத்தவர் காக்க விரும்பிய பிள்ளையும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். இரு வீட்டிலும் இழவு.

“கோள் சொல்லும் பழக்கத்தை வளர்க்கிறீர்கள்” என்பது இரண்டாவது. லேவியராகமம் 19:16ஐத் திறந்து பாருங்கள். கோள் சொல்லித் திரிவதைத் தடுக்கும் அதே வசனம், அடுத்த மூச்சிலேயே, பிறனுடைய இரத்தத்தைக் குறித்து நாம் குற்றவாளிகள் ஆகக் கூடாது என்கிறது. இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்தவர் வேறுபாட்டை அறியாதவர் அல்லர். ஒருவனுடைய பெயரைக் கெடுக்கச் சொல்வது கோள். ஒருவனுடைய உயிரைக் காக்கச் சொல்வது சாட்சி.

மூன்றாவது, மத்தேயு 18. உன் சகோதரனிடம் தனித்துப் பேசு என்று கர்த்தர் சொல்லவில்லையா என்கிறார்கள். சொன்னார். எனக்கு விரோதமாக ஒருவன் குற்றம் செய்தால் நான் அவனிடம் தனியே போகவேண்டும் என்று சொன்னார். வேறொருவனுக்கு நேரிடும் ஆபத்தை நான் தனியே பேசி மூடிவிடலாம் என்று சொல்லவில்லை. அந்தப் பகுதியிலேயே, கேளாதபோது சாட்சிகளுக்கும், அதன்பின் சபைக்கும் என்று காரியம் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. விசுவாசிகள் தங்களுக்குள் வழக்காடி அந்நியரின் நீதிமன்றத்துக்குப் போவதைக் கொரிந்தியருக்குக் கண்டித்து எழுதிய பவுலே, பிற்பாடு தன் சகோதரி மகனை ரோமச் சேனாபதியிடம் அனுப்பினார் என்பதையும் மறவாதிருங்கள்.

நான்காவது ஆட்சேபமே எனக்குக் கனமானது. அதை எழுப்புகிறவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களே. ஏடு யார் கையில் இருக்கும் என்று கேட்கிறார்கள். ஆசிரியர் அறைக்குள்ளும் சாதி இருக்கிறதே. தட்டிக்கேட்ட எங்கள் பிள்ளையையே மிரட்டினவன் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்கிறார்கள். இந்தக் கேள்வியை எளிதாகத் தாண்டிப்போக எனக்கு மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. லீசியாவின் நிருபமே, எழுதுகிறவன் தன் வசதிக்கு எழுதுவான் என்பதற்குச் சாட்சி. ஆகையால் ஏடு ஒரே கையில் இருக்கலாகாது. பிள்ளையும் பெற்றோரும் பள்ளியைத் தாண்டி நேரே அறிவிக்க வழி வேண்டும். பள்ளி எழுதியதையும் அவர்கள் சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளி அதிகாரி வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்ட பிள்ளையின் விளக்கமும் அதே ஏட்டில் இடம்பெற வேண்டும். மொர்தெகாய் அறிவித்ததுகூட விசாரிக்கப்பட்ட பிறகே மெய் என்று ஏற்கப்பட்டது. இந்தக் காவல்கள் இல்லாத சட்டம் வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஆனால் பாரபட்சம் இன்றும் நடக்கிறது, ஏடு இல்லாமலே நடக்கிறது என்பதையும் நினையுங்கள். எழுதப்பட்ட அநீதியை எதிர்த்து வாதாடலாம். எழுதப்படாத அநீதிக்கு மேல்முறையீடு கிடையாது.

இது நடக்கக்கூடிய காரியந்தானா என்றால், ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது என்று அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவில் கட்டளையிடுகிறது. அறிவிக்கத் தவறுவதும் குற்றம். தனக்குக் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை அறிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. கொலை போன்ற கொடுங்குற்றத்தைச் செய்ய ஒருவன் எண்ணுகிறான் என்று அறிந்தவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற பொதுக் கடமை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவிலும் இருந்தது. 2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 33ஆம் பிரிவிலும் இருக்கிறது. பள்ளிகளுக்கென்று, பள்ளியின் மொழியில், யார் யாருக்கு எத்தனை மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற தெளிவு மட்டும் சாதிய மிரட்டலுக்கும் அரிவாளுக்கும் இல்லை.

நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி நீங்க வேண்டும், கயிறும் மோதிரமும் பொட்டும் சாதி அடையாளமாய் வகுப்பறைக்குள் வரக் கூடாது, 500 மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பன போன்ற பரிந்துரைகள் அதில் உள்ளன. பள்ளிகளில் மாணவர் மனசு பெட்டியும், 14417, 1098 என்ற உதவி எண்களும் ஏற்கெனவே இருக்கின்றன. நல்லவை. ஆனால் இவற்றில் ஒரு பிள்ளை பேசலாம் என்ற அனுமதி இருக்கிறது. கேட்ட பெரியவர் கடத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தையே நான் வேண்டுகிறேன்.

என்னென்ன வேண்டும் என்று சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். உயிர் மிரட்டல், ஆயுதம் கைப்பற்றுதல், தடுக்கப்பட்ட தாக்குதல் ஆகியவை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுத்தில் போகவேண்டும். ஆயுதம் இருந்தால், அல்லது இன்னாரை இன்ன நாளில் என்று மிரட்டல் குறிப்பாக இருந்தால், சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவுக்கு அந்த நேரமே சொல்லப்பட வேண்டும். சொன்ன பிள்ளையின் பெயர் காக்கப்பட வேண்டும். மிரட்டப்பட்ட பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் முன் வெளி அதிகாரி ஒருவர் அவனையும் பெற்றோரையும் தனியே கண்டு பேசவேண்டும். பெயர்கள் இல்லாமல் மாவட்டவாரியாக ஆண்டுதோறும் எண்ணிக்கை வெளிவர வேண்டும். எண்ணிக்கை மிகுந்த பள்ளியைத் தண்டிக்கக் கூடாது. மறைத்த பள்ளியைத் தண்டிக்க வேண்டும். ஐந்து மிரட்டல்களை அறிவித்து ஐந்தையும் தடுத்த தலைமையாசிரியருக்கே பொன்னாடை போடுங்கள்.

சட்டம் வரும்வரை காத்திருக்க நமக்கு என்ன அவசியம்? மிஷனெரிகளின் காலம் முதல் எத்தனையோ பள்ளிகளைத் திருச்சபை நடத்திவருகிறது. தாளாளராய் இருக்கும் போதகரே, நிர்வாகக் குழுவில் அமர்ந்திருக்கும் மூப்பரே, நாளைக் காலையில் ஒரு ஏட்டை வாங்கி, பக்கங்களுக்கு எண் இட்டு, தலைமையாசிரியர் மேசையில் வைக்க உங்களை யார் தடுக்கிறார்கள்? இந்த மாதம் இந்த ஏட்டில் என்ன எழுதப்பட்டது, யாருக்கு அறிவிக்கப்பட்டது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்ற பதில் மாதந்தோறும் வந்தால் மகிழாதீர்கள், கவலைப்படுங்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து, வகுப்பில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து இப்படிச் சொன்னான் என்று சொல்லும்போது, உனக்கேன் ஊர் வம்பு என்று சொல்லி அதன் வாயை அடைக்காதீர்கள். லீசியாவைப் போல் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போய்க் கேளுங்கள். புறஜாதியான ஒரு சேனாபதி ஒரு பையனுக்குக் கொடுத்த காதை, பெற்ற தகப்பனும் தாயும் கொடுக்க மறுக்கலாமா?

நாங்குநேரியில் வெட்டுப்பட்ட அந்தப் பிள்ளை உயிர்பிழைத்து, மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தேர்ச்சியும் பெற்றான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பந்தியில் எனக்குச் சோறு பரிமாறிய பிள்ளைக்கு அந்தத் தேர்வு கிடைக்கவே இல்லை. ஆபேலின் இரத்தத்தைக் குறித்துக் கேட்டவர் அவனைக் குறித்தும் என்னிடம் கேட்பார் என்று நான் அறிந்திருக்கிறேன். அந்த நாளில், அவன் தகப்பனார் விருப்பப்படி என்ற ஏட்டு வரியை நான் அவருக்குக் காட்ட முடியாது.

ஜெபிப்போம்.

பிள்ளைகளைத் தம்மிடத்தில் வரவிட்ட எங்கள் ஆண்டவரே, சமாதானம் என்ற பெயரில் நாங்கள் மூடிவைத்தவற்றை மன்னியும். பயந்து நிற்கும் பிள்ளைக்குப் பேசத் தைரியத்தையும், கேட்கும் ஆசிரியருக்கு எழுதத் தைரியத்தையும், ஆளுகிறவர்களுக்கு நீதியான சட்டத்தை இயற்ற மனதையும் தாரும். அரிவாளை எடுக்கத் துணியும் பிள்ளையையும் தடுத்து ஆட்கொள்ளும், அவனும் உம்முடையவனே. எங்கள் பள்ளிகளின் நற்பெயரைக் காட்டிலும் அங்கே படிக்கும் கடைசிப் பிள்ளையின் உயிரை நாங்கள் அருமையாய் எண்ணக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.